22 டிகிரி அறையில் பாஸான கேபினெட், உங்கள் வீட்டில் பாஸாகுமா?

புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண லிஸ்ட் போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பிராசசருக்கு ஒரு வாரம் யோசிப்பார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு மாதம் விலை பார்ப்பார்கள். ரேம், எஸ்எஸ்டி எல்லாம் முடிந்து பட்ஜெட்டில் கடைசியாக மிஞ்சுகிற நாலாயிரம் ஐயாயிரத்துக்கு எது பார்க்க அழகாக இருக்கிறதோ, அதுதான் கேபினெட். சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். முன்னாலும் கண்ணாடி, பக்கத்திலும் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. ‘பத்து ஃபேன் வரைக்கும் மாட்டலாம் சார்’ என்பார்கள். அந்தப் பத்து ஃபேனுக்கும் காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு ஆர்ஜிபி ரிமோட்டுக்குத் தாவிவிடும்.

கொஞ்சம் விவரமானவர்கள் யூடியூப்பில் ரிவ்யூ பார்க்கிறார்கள். ‘இந்த கேபினெட்டில் கிராபிக்ஸ் கார்டு 72 டிகிரி, அதில் 80 டிகிரி’ என்று பார் சார்ட் வரும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த டெஸ்ட் நடந்த அறையின் வெப்பநிலை என்ன? அதைச் சொல்லவில்லை என்றால், என்னைப் பொறுத்தவரை அது டெஸ்ட்டே இல்லை. காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டால், வெயிலில் வைத்த தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டுவது போன்றது அது.

கேபினெட் குளிர வைப்பதில்லை

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கேபினெட் எதையும் குளிர வைப்பதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே உங்கள் அறைக்குள் தள்ளுகிறது, அவ்வளவுதான். அதனால் உள்ளே இருக்கும் எந்தப் பாகமும் அறையை விடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. கேபினெட்டை மதிப்பிட ஒரே நியாயமான வழி, அறையை விடப் பாகங்கள் எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கின்றன என்று பார்ப்பது. அறை 22, கார்டு 72 என்றால் கூடுதல் 50. அந்த 50-தான் கேபினெட்டும் கூலரும் எழுதிய பரீட்சையின் மார்க். 72 என்பதில் மீதி 22, அந்த ஊரின் வானிலை.

(நல்ல கேபினெட் வாங்கினால் ரூம் குளிரும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குளிராது. 450 வாட் மின்சாரம் உள்ளே போனால் 450 வாட் சூடு அறைக்குள் வந்தே தீரும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய சூட்டில் அது கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. கரண்ட் பில்லில் கேபினெட்டுக்குப் பங்கில்லை.)

ஃபேன்கள் செய்யும் வேலையைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் காற்றின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 1.15 ஜூல் தேவை. பிராசசர், கார்டு எல்லாம் சேர்ந்து 450 வாட் இழுக்கும் கணினிக்குள் வினாடிக்கு 40 லிட்டர் காற்று ஓடினால், வெளியேறும் காற்று உள்ளே வந்ததை விட ஏறக்குறைய 10 டிகிரி சூடாக இருக்கும். அதே காற்று 20 லிட்டராகக் குறைந்தால் 20 டிகிரி. ஒரு நல்ல 120 மில்லிமீட்டர் ஃபேன் தடையே இல்லாத இடத்தில் வினாடிக்கு 25 முதல் 28 லிட்டர் வரை தள்ளும். ஃபேன் பெட்டியில் அச்சடித்திருப்பது இந்தக் கணக்குதான். ஆனால் ஃபேனுக்கு முன்னால் ஒரு தூசி ஃபில்டர், அதற்கு முன்னால் விரல் நுழையும் அளவு சந்து, அதற்கும் முன்னால் மூடிய கண்ணாடி என்று வைத்தால் அந்த எண் அப்படியே கிடைக்காது. மூன்று ஃபேன் இருந்தும் ஒன்றரை ஃபேன் வேலைதான் நடக்கும். சத்தம் மட்டும் மூன்று ஃபேனுக்கு உண்டானது முழுசாக வரும்.

முன் தகடுதான் கதாநாயகன்

இது வெறும் தாள் கணக்கு இல்லை. கூலர் மாஸ்டர் நிறுவனம் 2017-ல் எச்500பி என்ற கேபினெட்டைக் கொண்டு வந்தது. முன்னால் இரண்டு பிரம்மாண்டமான 200 மில்லிமீட்டர் ஃபேன்கள். அவற்றின் மேல் மூடிய பிளாஸ்டிக் தகடு. கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற அமெரிக்க விமர்சனத் தளம் அதைச் சோதித்து, முன் தகட்டைக் கழற்றி வைத்தாலே வெப்பநிலை இறங்குகிறது என்று காட்டியது. அடுத்த ஆண்டே அதே கேபினெட்டுக்கு வலைத் தகடு போட்ட ‘மெஷ்’ வடிவம் சந்தைக்கு வந்தது. என்இசட்எக்ஸ்டி-யின் எச்510 ஊர் முழுக்க விற்ற மாடல். முன்னால் மூடிய இரும்புத் தகடு. பின்னால் 2021-ல் துளையிட்ட தகட்டோடு எச்510 ஃப்ளோ வந்தது. கோர்சேர் இன்னும் வசதி. 4000டி, 4000டி ஏர்ஃப்ளோ இரண்டையும் 2020-ல் கொண்டு வந்தது. ஒரே உடம்பு, வேறு முகம்.

எனக்கு இந்த ஜோடிகள் மேல் தனிப் பிரியம் உண்டு. ஏனென்றால் கேபினெட் ஒப்பீட்டில் பொதுவாகப் பத்து விஷயம் ஒன்றாக மாறும்: ஃபேன், நீளம், அகலம், பவர் சப்ளை இருக்கும் இடம். எதனால் சூடு குறைந்தது என்று சொல்ல முடியாது. ஒரே பெட்டியில் முன் தகடு மட்டும் மாறினால், வெப்பநிலையில் வரும் வித்தியாசம் முழுக்க அந்தத் தகட்டின் கணக்கு. நிறுவனங்களே ‘ஏர்ஃப்ளோ’, ‘ஃப்ளோ’, ‘மெஷ்’ என்று தனிப் பெயர் வைத்து விற்கிறார்கள் என்றால், பெயர் இல்லாத மற்றதைப் பற்றி அவர்களே என்ன சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

8 டிகிரிதானே?

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். ‘கூடுதல் டிகிரியை மட்டும் பார்த்தால் போதும் என்றால், அவர்கள் 22 டிகிரி அறையில் டெஸ்ட் பண்ணினால் என்ன, நாம் நம் அறை வெப்பத்தைக் கூட்டிக்கொண்டால் போயிற்றே?’ பெரும்பாலும் சரி. ஆனால் ஒரு எல்லை வரைக்கும்தான்.

ஒரு உதாரணத்துக்கு இரண்டு கேபினெட் எடுத்துக்கொள்வோம். ஒன்றில் கார்டு அறையை விட 50 டிகிரி கூடுதல், இன்னொன்றில் 58. ஏசி போட்ட 22 டிகிரி அறையில் 72, 80. இரண்டிலும் கேம் ஒரே வேகத்தில் ஓடும், ரெண்டரும் ஒரே நேரத்தில் முடியும். ‘8 டிகிரி வித்தியாசம்தான், செயல்திறனில் மாற்றமில்லை’ என்று ரிவ்யூ முடிந்துவிடும். அதையே அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத மாடி அறைக்குக் கொண்டு வாருங்கள். அறை 36. முதல் கேபினெட்டில் 86. இரண்டாவதில் கணக்குப்படி 94 வர வேண்டும். வராது. ஆர்டிஎக்ஸ் 4090-க்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பே 90 டிகிரிதான். அந்த வரம்புக்குப் பக்கத்தில் போனதும் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதாவது நீங்கள் காசு கொடுத்த வேகத்தில் ஒரு பகுதி, மே மாதம் முழுக்கக் கிடைக்காது. குளிர் அறையில் ஒன்றுமே இல்லாத அந்த 8 டிகிரி, சூட்டு அறையில்தான் தன் விலையைக் காட்டுகிறது.

பிராசசர் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல். ஏஎம்டி-யின் ரைசன் 7000 வரிசையில் மேல்நிலை சிப்கள் முழு பாரத்தில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. நல்ல கேபினெட்டிலும் 95, மட்டமான கேபினெட்டிலும் 95. வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம் என்று தோன்றும். வித்தியாசம் மெகாஹெர்ட்ஸில் இருக்கும், அல்லது பிளெண்டரில் ஒரு காட்சியை ரெண்டர் செய்ய ஆகும் நேரத்தில் இருக்கும். கிராபிக்ஸ் கார்டும் இதே வேலையை வேறு விதமாகச் செய்யும். உள்ளே சூடு ஏறினால் தன் ஃபேனை வேகமாகச் சுற்றி, வெப்பநிலையை அதே இடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘இரண்டு கேபினெட்டிலும் 74 டிகிரிதான்’ என்பார்கள். ஒன்றில் கார்டு ஃபேன் 1,400 சுற்று, மற்றதில் 2,100 சுற்று என்பதைச் சொல்ல மாட்டார்கள். காதுக்குத் தெரியும், சார்ட்டுக்குத் தெரியாது.

அதனால்தான் சத்தத்தைக் கணக்கில் எடுக்காத வெப்பப் பரிசோதனையும் பாதிப் பரிசோதனைதான். எந்தக் கேபினெட்டையும் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுக் குளிர வைத்துக் காட்டலாம். ஃபேன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். ஆக, எல்லா கேபினெட்டிலும் சத்தம் ஒரே அளவுக்கு வரும்படி ஃபேனைச் சரிசெய்துவிட்டு, பிறகு வெப்பநிலையை ஒப்பிடுவதே நேர்மையான முறை. சில தளங்கள் இதைச் செய்கின்றன. மற்றபடி எல்லா கேபினெட்டிலும் ஒரே ரக விலையுயர்ந்த ஃபேனை மாட்டிச் சோதிப்பவர்களும் உண்டு. பெட்டியின் வடிவத்தை ஆராய அது சரி. ஆனால் ஐயாயிரம் ரூபாய் கேபினெட் வாங்குகிறவர் அதன் மேல் இன்னொரு ஆறாயிரத்துக்கு ஃபேன் வாங்கப் போவதில்லை. கூடவே வரும் ஃபேனோடு எப்படி இருக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டிய பதில்.

35 டிகிரியில் ஒரு காலத்தில் டெஸ்ட் பண்ணினார்கள்

சூட்டு அறையில் சோதிப்பது நடக்காத காரியம் இல்லை. 2000-களின் தொடக்கத்தில், பென்டியம் 4 சிப்கள் அடுப்பாகக் கொதித்த காலத்தில், இன்டெல் கேபினெட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு அளவுகோல் வகுத்தது. வெளியே அறை 35 டிகிரி இருக்கும்போது, பிராசசர் ஃபேனுக்குள் நுழையும் காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்காகப் பக்கத் தகட்டில் பிராசசருக்கு நேராக ஒரு குழாய் வைக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்துக் கேபினெட்டுகளில் பக்கவாட்டில் வட்டமாக ஓட்டை, உள்ளே புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இது. இந்தச் சோதனையில் தேறிய கேபினெட்டுகளின் பட்டியலையும் இன்டெல் வெளியிட்டது.

அந்த அளவுகோலில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, 35 டிகிரி. ஏசி இல்லாத நம் வீட்டு அறைக்குப் பொருந்துகிற எண். இரண்டு, சிப்பின் சூட்டை அளக்காமல் கூலருக்குள் போகும் காற்றின் சூட்டை அளந்தது. சிப் சூடு என்பது கூலர், பேஸ்ட், சிப் எல்லாம் கலந்த எண். காற்றின் சூடு கேபினெட்டின் பொறுப்பு. யார் பாஸ், யார் ஃபெயில் என்று குழப்பமில்லாமல் தெரியும். இன்று பல மடங்கு மின்சாரம் குடிக்கும் கார்டுகளை வைத்துக்கொண்டு, பெட்டியில் ‘10 ஃபேன் வசதி’ என்று மட்டும் அச்சடிக்கிறார்கள். ஏசி வாங்கும்போதும் ஃப்ரிட்ஜ் வாங்கும்போதும் நட்சத்திர ஸ்டிக்கர் பார்க்கிறோம். கேபினெட்டுக்கு அரசாங்க நட்சத்திரம் வேண்டும் என்று கேட்கவில்லை. இத்தனை வாட் சூட்டில், இத்தனை டெசிபல் சத்தத்தில், கூலருக்குள் போகும் காற்று அறையை விட இத்தனை டிகிரி கூடுதல் என்று ஒரு வரி போட நிறுவனங்களுக்கு என்ன கஷ்டம்?

வீட்டிலேயே செய்து பார்க்க

அதுவரைக்கும் உங்கள் கேபினெட்டை நீங்களே சோதிக்கலாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், ஒயர் முனையில் சென்சார் இருப்பதாக வாங்கினால் நல்லது. அதைக் கேபினெட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்னால் சூடான காற்று வரும் பக்கம் வேண்டாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கார்டு ஃபேனை 60 சதவீதத்தில் பூட்டுங்கள்; கேபினெட் ஃபேனையும் பிராசசர் ஃபேனையும் பயாஸில் ஒரே வேகத்தில் நிறுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன மாதிரி கார்டு உங்களை ஏமாற்றும். பிறகு பிராசசர், கார்டு இரண்டுக்கும் ஒரே சமயத்தில் வேலை கொடுங்கள். சினிபெஞ்ச் ஒரு பக்கம், கேமின் ஒரே காட்சி இன்னொரு பக்கம் என்று ஓடவிடலாம். எதுவானாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் அதுவே இருக்க வேண்டும். கார்டு கக்கும் சூட்டைத்தான் பிராசசர் கூலர் சுவாசிக்கிறது என்பதால், தனித்தனியாகச் சோதிப்பதில் கேபினெட்டின் குறை தெரியாது.

அரை மணி நேரம் ஓட வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் இரும்பும் அலுமினியமும் சூடேறும் நேரத்தைத்தான் அளந்திருப்பீர்கள். லிக்விட் கூலர் இருந்தால் உள்ளே உள்ள நீர் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கடைசி ஐந்து நிமிடச் சராசரியை எடுங்கள், அதே நேரத்து அறை வெப்பத்தைக் கழியுங்கள். அறை வெப்பத்தை ஆரம்பத்தில் பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது. கதவு மூடிய சின்ன அறையில் அரை மணி நேரம் 450 வாட் ஓடினால் அறையே சூடாகிவிடும். சீலிங் ஃபேன், ஏசி எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் இருக்கட்டும்.

இதை மூன்று முறை செய்யுங்கள்: எல்லாம் மூடி, முன் தகட்டை மட்டும் கழற்றி, பக்கத் தகட்டை மட்டும் கழற்றி. (கண்ணாடித் தகட்டை டைல்ஸ் தரையில் நிறுத்தி வைக்காதீர்கள், மெத்தை மேல் போடுங்கள்.) முன் தகட்டைக் கழற்றியதும் கார்டு 2, 3 டிகிரிதான் இறங்குகிறது என்றால் உங்கள் கேபினெட் நன்றாகவே மூச்சு விடுகிறது, காசை மிச்சம் பிடியுங்கள். 8, 10 டிகிரி இறங்கினால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். பக்கத் தகட்டைக் கழற்றினால் கார்டு குளிர்ந்து, எஸ்எஸ்டியோ மதர்போர்டோ கொஞ்சம் சூடாவதும் உண்டு. நேராக வந்துகொண்டிருந்த காற்று சிதறிவிடுவதால் வருவது அது. ‘பேசாம திறந்தே வச்சிடலாமே’ என்று முடிவெடுக்க வேண்டாம்.

ஊதுபத்திப் புகையை முன்னால் காட்டி, அது அழகாக உள்ளே ஓடுவதை வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். காற்று எந்தத் திசையில் போகிறது, பின்னால் வந்த சூடான காற்று திரும்பவும் உள்ளே நுழைகிறதா என்று பார்க்க அது உதவும். எவ்வளவு காற்று, எத்தனை டிகிரி என்பதைப் புகை சொல்லாது.

கேபினெட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நம்மூர் கம்ப்யூட்டர் டேபிள்களில் ‘சிபியு வைக்கும் இடம்’ என்று மூன்று பக்கமும் பலகை அடித்த ஒரு பொந்து இருக்கும், பின்னால் சுவர். வெளியே வந்த சூட்டுக்கு வேறு வழியில்லை, சுற்றி முன்னாலேயே வரும். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு தெர்மாமீட்டரை அந்தப் பொந்துக்குள் ஒருமுறை, அறை நடுவில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு டிகிரியை வெளியே எடுத்து வைப்பதாலேயே மிச்சப்படுத்தலாம். பைசா செலவில்லை.

எந்த ரிவ்யூவும் சொல்லாத டெஸ்ட்

கடையிலிருந்து வந்த புது கேபினெட்டைத்தான் எல்லோரும் சோதிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே கேபினெட்டைத் திரும்ப எடுத்துச் சோதிக்கும் வழக்கம் இல்லை. நம் வீடுகளில் சீலிங் ஃபேன் நாள் முழுக்கச் சுற்றுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, பக்கத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. நைலான் ஃபில்டர் சாம்பல் நிறக் கம்பளியாக மாற அதிக நாள் ஆகாது. வலைத் தகடு போட்ட கேபினெட்டும் அப்போது கண்ணாடிக் கேபினெட் மாதிரிதான் நடந்துகொள்ளும். அதனால் கேபினெட் வாங்கும்போது நான் பார்க்கச் சொல்லும் முதல் விஷயம், முன் ஃபில்டரை ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கையால் உருவி எடுக்க முடியுமா என்பது. பவர் சப்ளைக்கு அடியில் இருக்கும் ஃபில்டரும் அப்படியே. பின்பக்கமாக இழுக்கும் ரகமாக இருந்தால், சுவரோரம் நிற்கும் கேபினெட்டில் அதை யாரும் கழுவப் போவதில்லை.

இந்தத் தூசியின் கணக்கையும் எடுத்துவிடலாம். ஆயுத பூஜைக்கு எப்படியும் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கப் போகிறீர்கள். துடைப்பதற்கு முதல் நாள் இரவு மேலே சொன்ன டெஸ்டை ஒருமுறை ஓட்டி எண்ணை எழுதி வையுங்கள். ஃபில்டரைக் குழாயில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டி, அதே வேகத்தில் பூட்டிய ஃபேனோடு மறுநாள் ஒருமுறை. இரண்டுக்கும் இடையில் 5 டிகிரிக்கு மேல் வந்தால் ஆண்டுக்கு ஒரு கழுவல் உங்கள் வீட்டுக்குப் போதாது, மார்ச் கடைசியில் இன்னொன்று வேண்டும்.